இரண்டாம் பாடம் வாசித்தவள்

பழைய கோயில்களைப் பார்க்கப் போவதற்கு எங்கள் வீட்டில் ஆளுக்கொரு காரணம் இருந்தது. அப்பாவுக்குக் கோயிலைப் பார்க்க வேண்டும். அத்தைக்கு என்னைக் காட்ட வேண்டும். எனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், ஞாயிற்றுக்கிழமை ஒருநாளாவது ஏழு மணி வரை தூங்க விடுங்கள் என்று சொல்லியிருப்பேன்.

கோயில் என்றால் வேதக்கோயில். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் சர்ச் என்று சொல்லப் பழகியது பிற்பாடுதான். கீழப்பாவூர்ப் பக்கம் போனாலும் சரி, வீரகேரளம்புதூர்ப் பக்கம் போனாலும் சரி, வயலுக்கும் பனைக்கும் நடுவே பழைய காலத்துக் கோயில் ஒன்று நிற்கும். முப்பது வீடு உள்ள ஊரில் முந்நூறு பேர் உட்காருகிற கோயில். யாரை நம்பி இவ்வளவு பெரிதாகக் கட்டினார்கள் என்று அப்பாவிடம் கேட்டால், "விசுவாசம்" என்பார். அத்தையிடம் கேட்டால், "வெள்ளக்காரனுக்கு என்னத்தட்டி தெரியும், மழைக்கு ஒதுங்குனவனையெல்லாம் சேத்து எண்ணிருப்பான்" என்பாள்.

அப்பா தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அம்மா இறந்துபோனாள். அதற்குப் பிறகு அப்பாவின் அக்கா மேலகரத்துக்கு வந்து எங்களோடு தங்கி, வீட்டையும் நடத்தினாள், எங்களையும் நடத்தினாள். ஓய்வு பெற்றால் மற்றவர்கள் ரோஜாச் செடி வைப்பார்கள், இல்லாவிட்டால் அண்ணன் தம்பி மேல் கேஸ் போடுவார்கள். அப்பா கோயில்களை அளக்க ஆரம்பித்தார். துணி டேப் ஒன்று, நீள நோட்டு ஒன்று. சுவரின் கனம், வாசலின் உயரம், கல்லறைக் கல்லில் வெட்டியிருக்கிற எழுத்து, எல்லாம் நோட்டில் ஏறும். எதற்கு என்று கேட்டால், "பின்னால யாராவது கேப்பாங்க" என்பார். இன்றுவரை யாரும் வந்து கேட்கவில்லை. டேப்பின் அடுத்த முனையைப் பிடிப்பது என் வேலை.

அத்தைக்குக் கோயில் மேல் ஆசை வந்தது எனக்கு இருபத்திரண்டு வயது முடிந்தபோது. அறுபதுகளின் தொடக்கம் அது. தென்காசியில் பெண்பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தேன். அந்த வருஷங்களில் ஊர் ஊராக ஏதாவது ஒரு கோயிலுக்கு நூறு வயது நிறைந்துகொண்டே இருந்தது. நூற்றாண்டு விழா என்று பந்தல் போடுவார்கள். காலையில் பவனி, பிறகு ஆராதனை, அது முடிந்ததும் அசனம். அசனம் என்றால் வந்தவர்கள் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற பொதுச் சாப்பாடு. இப்படிக் கூட்டம் கூடுகிற இடத்தில் பெண் பார்ப்பதுதான் எங்களில் கௌரவம். வீட்டுக்கு வந்து பலகாரம் தின்றுவிட்டு வேண்டாம் என்று சொன்னால் தெருவுக்கே தெரிந்துபோகும். கோயிலில் பார்த்தால், யார் யாரைப் பார்த்தார்கள் என்று கர்த்தர் ஒருவருக்குத்தான் தெரியும்.

அதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பெண்கள் பாயில் முக்காடு போட்டு உட்கார்ந்திருப்போம். முக்காட்டுக்குள்ளே மாப்பிள்ளை எதைக் கண்டான்? அதனால் பெண்ணை வேதபாடம் வாசிக்க வைத்துவிடுவார்கள். ஆராதனையில் இரண்டு பாடம் உண்டு. பெண் எழுந்து, நடந்து, மேடையில் நின்று வாசித்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் உயரம், நடை, நிறம், குரல், படிப்பு எல்லாம் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு இரண்டு வீட்டாரும் முன்பின் அறியாதவர்கள் போல அசனம் சாப்பிட்டுவிட்டு அவரவர் பஸ்ஸில் ஏறிவிட வேண்டும். பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, எந்த ஊர் என்று கூடக் கேட்கக் கூடாது. பத்து நாள் கழித்து மூன்றாம் மனுஷர் மூலமாகப் பதில் வரும்.

இந்த மாப்பிள்ளை வீட்டார்களை அத்தை பிடித்த இடம் குற்றாலம். சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் வாரத்துக்கு மூன்று நாள் அருவிக்குக் கிளம்பிவிடுவாள். பெண்கள் பக்கத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வரிசையில் நிற்கிறவர்களிடம் பேச்சுக் கொடுப்பாள். தலை வழிய எண்ணெயோடு நிற்கிறவர்கள் எங்கே ஓட முடியும்? அந்த அம்மாளுக்கு எத்தனை பையன்கள், எவன் வேலையில் இருக்கிறான், எவன் இன்னும் மிச்சம், எல்லாம் ஐந்து நிமிஷத்தில் அத்தை கையில். ஊருக்கெல்லாம் அருவியில் தண்ணீர் கொட்டியது, எங்கள் அத்தைக்கு மாப்பிள்ளைகள் கொட்டினார்கள்.

அப்படி மூன்று கோயில்களில் நின்று வாசித்தேன். முதல் வீட்டார் பெண் உயரம் ஜாஸ்தி என்றார்கள். இரண்டாவது வீட்டார் பெண் நிறம் கம்மி என்றார்கள். மூன்றாவது வீட்டார் பெண்ணைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை, அத்தையைப் பற்றித்தான் சொன்னார்கள். இப்போது சிரிப்பாகச் சொல்கிறேன். அப்போது சிரிப்பு வரவில்லை. பத்து நாள் காத்திருந்து, வேண்டாமாம் என்று கேட்டுக்கொண்டு, மறுநாள் மூன்றாம் வகுப்பில் போய் வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பது லேசான காரியம் இல்லை. கல்யாணம் ஆக வேண்டும் என்று எனக்கும் இருந்தது. யாருக்குத்தான் இருக்காது? ஆனால் சந்தை மாடு மாதிரி நடத்திக் காட்டித்தான் ஆக வேண்டுமா என்று வயிறு எரிந்தது.

நாலாவது கோயில் வீரகேரளம்புதூர் ரோட்டில் இறங்கி நடக்கிற ஒரு சின்ன ஊரில். பெயர் வேண்டாம், சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் அந்தப் பக்கம் இருக்கிறார்கள். அங்கேயும் நூற்றாண்டு விழா. அத்தை முன்கூட்டியே மாப்பிள்ளையின் அம்மாவுக்கு, 'இரண்டாம் பாடம் வாசிக்கிறவள்தான் எங்கள் பெண்' என்று சொல்லி அனுப்பிவிட்டாள். மாப்பிள்ளை யார் என்று என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் முறைப்பேனாம்.

சீக்கிரமே போய்ச் சேர்ந்தோம். அப்பா வழக்கம்போல டேப்பை உருவிக்கொண்டு கோயிலின் தெற்குச் சுவருக்குப் போனார். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். சுவர் நீளமாக இருந்ததால் நடுவில் ஒருவர் தேவைப்பட்டார். பக்கத்தில் நின்ற ஒருவரை அப்பா கூப்பிட்டார். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. உள்ளூர்க்காரர் என்று நினைத்தேன். அவர் டேப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஐயா, நடுவுல தொய்யுது. இப்படி அளந்தா கோயில் ரெண்டு அங்குலம் வளந்துரும்" என்றார்.

"வளரட்டுமே. ஜனந்தான் வளரலே, கோயிலாவது வளரட்டும்" என்றேன் நான்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அத்தனை வருஷமாக அளந்ததெல்லாம் இரண்டு அங்குலம் கூடுதல் என்று தெரிந்து முகம் வாடிவிட்டது. அவரே டேப்பை இழுத்துப் பிடித்து, நாலு சுவரையும் அப்பாவோடு திரும்ப அளந்து கொடுத்தார். முக்கால் மணி நேரம் பொறுமையாக நின்றார். அப்பாவின் நோட்டை ஒரு மனுஷன் வாங்கிப் புரட்டிப் பார்த்ததை அன்றுதான் பார்த்தேன். இந்த மாதிரி ஓர் ஆள் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகு, மேடையில் ஏறி எவனோ ஒருவனுக்கு வாசித்துக் காட்ட வேண்டியது ஞாபகம் வந்து பொல்லாத கோபம் வந்தது.

எனக்கு இரண்டாம் பாடம் ஒதுக்கித் தரச் சொல்லி, அத்தை முன்பே விவரம் சொல்லி வைத்திருந்தது அந்த ஊர் உபதேசியாரிடம். வயசானவர், சாது. பாதிரியார் மாதத்துக்கு ஒருதரம் வருவார். மற்ற நாளெல்லாம் கோயிலைக் கவனித்துக்கொண்டது உபதேசியார்தான். அவர் மகள்தான் முதல் பாடம் வாசிப்பதாக இருந்தது. இருபத்தொன்பது வயது. அம்மா போனபிறகு மூன்று தம்பிகளை வளர்த்து ஆளாக்கினவள். முகத்தில் அம்மைத் தழும்பு. அவளை யாரும் பார்க்க வருவதுமில்லை, அவள் யாரையும் எதிர்பார்ப்பதுமில்லை என்று அத்தை பஸ்ஸிலேயே சொல்லியிருந்தாள்.

மணி அடிப்பதற்கு முன்னால் பக்கவாசலில் அவளைப் பிடித்தேன். "அக்கா, மாத்திக்கிடுவோமா? நீங்க ரெண்டாம் பாடம் வாசிங்க, நான் முதல் பாடம் வாசிக்கேன்."

"ஏன் டீச்சர்?"

"நேத்து அருவில குளிச்சது தொண்டையைக் கட்டிருச்சு. ரெண்டாம் பாடத்துக்குள்ள குரல் போயிரும்" என்று கூசாமல் பொய் சொன்னேன்.

"முதல் பாடத்துல பேரெல்லாம் கரடுமுரடா கிடக்கு. நான் ஒரு வாரமா படிச்சு வச்சிருக்கேன்" என்று தயங்கினாள். பிறகு, "சரி, தொண்டை முக்கியம்லா" என்று சொல்லி, பனங்கற்கண்டு ஒரு துண்டு கொண்டுவந்து கொடுத்தாள்.

முதல் பாடம் பெயர்ப் பட்டியல். இன்னார் இன்னாரைப் பெற்றான் என்று போய்க்கொண்டே இருந்தது. என் கோபத்தையெல்லாம் அந்தப் பெயர்கள் மேல் காட்டினேன். பாயில் இருந்து அத்தை கண்ணாலேயே என்னைச் சுட்டாள். பிறகு அந்த அக்கா எழுந்து வந்து இரண்டாம் பாடம் வாசித்தாள். மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி வாசித்தாள். மூன்று தம்பிகளுக்கு ஊட்டின பழக்கம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அத்தை என் தொடையைக் கிள்ளியே எடுத்துவிட்டாள். "கூறுகெட்ட மூதி, உன்னை யாருட்டி மாத்தி வாசிக்கச் சொன்னா? அவுககிட்டப் போய்ச் சொல்லவும் முடியலே, முறை இல்லே. நல்ல சர்வேயர் உத்தியோகம். உங்க அப்பாகூட டேப்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னானே, அவன்தாண்டி மாப்பிள்ளை!"

எனக்குப் பகீர் என்றது. சர்வேயராம். அதனால்தான் டேப் தொய்வது தெரிந்திருக்கிறது. அந்தப் பத்து நாளும் நான் ஜெபம் பண்ணியது போல முன்னும் பண்ணினதில்லை, பின்னும் பண்ணினதில்லை. பேசிச் சிரித்த மனுஷனுக்கு என்னைத் தெரியாதா, எந்தப் பாடம் வாசித்தால் என்ன என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பத்தாம் நாள் வந்தது கடிதம் இல்லை. உபதேசியாரே வந்தார். குடையை வாசலில் சாத்திவிட்டு, உட்காரச் சொன்னாலும் உட்காராமல் நின்றார்.

"அம்மா, ஒரு தப்பு நடந்துபோச்சு போல. மாப்பிள்ளை வீட்டுலேர்ந்து ஐயருக்குக் காயிதம் வந்திருக்கு." பாதிரியாரை எங்களில் ஐயர் என்றுதான் சொல்வது. "ரெண்டாம் பாடம் வாசிச்ச பொண்ணை எங்களுக்குப் பிடிச்சிருக்குன்னு எழுதிருக்காங்க. அது எங்க பிள்ளைலா? ஐயர் வந்து என்கிட்டச் சொன்னதும் எனக்குக் கையும் ஓடலே காலும் ஓடலே. டீச்சர்னு நெனைச்சுத்தான் கேட்டிருப்பாங்க. நீங்க சொன்னா நானே போய் விவரத்தைச் சொல்லிடுதேன். பிள்ளைக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது."

"இதுக்குக் கேக்கவும் வேணுமா? உடனே போய்ச் சொல்லும்வே" என்றாள் அத்தை.

அவர் தலையை ஆட்டினார். அந்த ஆட்டத்தில் ஒரு வருத்தமும் இல்லை, இப்படித்தான் முடியும் என்று தெரிந்தே வந்தவர் போல இருந்தது. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. "ஒண்ணும் சொல்ல வேண்டாம். அவுங்க யாரைக் கேட்டாங்களோ அவங்களுக்கே நடக்கட்டும்" என்றேன்.

அத்தை, எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அப்பாவைக் கூப்பிட்டாள். அப்பா வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நல்ல பையன். டேப் தொய்யுதுன்னு சொன்னான்" என்று மட்டும் சொன்னார். "எலே தம்பி, நீ ஒரு மனுஷனா" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். உபதேசியார் அழுதேவிட்டார். "உங்க மனசு யாருக்கும் வராது டீச்சர்" என்று கும்பிட்டுவிட்டுக் குடையைக்கூட மறந்து போனார்.

நிஜத்தைச் சொல்லிவிடுகிறேன். அதில் பாதி இரக்கம். மீதி, அந்த இரக்கம் எனக்கு எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது என்கிற பெருமை. நாலாவது தடவையும் வேண்டாம் என்று சொல்லப்படாமல், நானே வேண்டாம் என்று சொல்கிற வாய்ப்பு வேறு. பாவம் அந்த சர்வேயர், விழாக் கூட்டத்தில் வாசித்தவள் முகம் சரியாகத் தெரியாமல், அம்மா பேச்சைக் கேட்டு, என்னை நினைத்துக்கொண்டு சம்மதம் சொல்லியிருப்பார் என்று அவருக்காகவும் கொஞ்சம் அழுதேன். நிச்சயதார்த்தத்தில் பெண்ணை நேரில் பார்த்தும் அவர் ஒன்றும் சொல்லவில்லை என்று கேள்விப்பட்டபோது, கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிற கனவான் என்று இன்னும் உயர்த்தி வைத்துக்கொண்டேன்.

எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை உண்டானால் சொல்லலாம் என்று சபை முன்னால் கேட்பார்கள். மூன்றாம் ஓலை வாசித்த அன்று, மணிக்கூண்டின் அளவு விட்டுப்போயிற்று என்று அப்பா எங்களை அந்த ஊருக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஐயர் நிறுத்தி, சபையைச் சுற்றிப் பார்த்தார். அத்தை முழங்கையால் என் விலாவில் இடித்தாள். அந்த நேரம் எனக்கு எழுந்து நிற்க வேண்டும் போலத்தான் இருந்தது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பாயைப் பார்த்தபடி இருந்தேன்.

இரண்டு வருஷம் கழித்து எனக்கும் கல்யாணம் ஆயிற்று, எந்தக் கோயிலிலும் வாசித்துக் காட்டாமலேயே. அவர் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பாடப்புத்தகம் விற்க வந்தவர். வீட்டில் சண்டை வரும்போதெல்லாம், "ஒரு சர்வேயரையே விட்டுக்கொடுத்துட்டு வந்தவளாக்கும் நான்" என்று எடுத்து விடுவேன். "அவன் அதிர்ஷ்டசாலி" என்பார்.

ஏழு வருஷத்துக்குப் பிறகு, கீழப்பாவூர்ப் பக்கம் ஒரு கோயிலின் பிரதிஷ்டைப் பண்டிகை. அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது, இருந்தாலும் அளக்க வேண்டும் என்று வந்திருந்தார். அசனப் பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் அந்த அக்கா. இரண்டு பிள்ளைகள், கொஞ்சம் சதை போட்டிருந்தாள், முகத்தில் நிறைவு தெரிந்தது. உபதேசியார் போன வருஷம் தவறிவிட்டார் என்று சொன்னாள். சாதாரணமாகப் பேசிவிட்டு எழுந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்கவில்லை. இத்தனை வருஷம் வைத்திருந்ததை அவளிடம் ஒரு தடவையாவது காட்ட வேண்டும் போல இருந்தது.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. அன்னைக்கு உங்க மாமியார் பாக்க வந்தது என்னைத்தான்."

"தெரியும் டீச்சர். அப்பா சொன்னாங்க" என்றாள். "சாப்பிடுங்க, சோறு ஆறிரும்."

புத்தியுள்ளவள் அதோடு விட்டிருப்பாள். "அவருக்குத் தெரியுமா? என்னை நெனைச்சுத்தானே சம்மதம் சொல்லிருப்பார்? பிற்பாடு வருத்தப்பட்டாரோ என்னவோன்னு எனக்கு இன்னைக்கும் மனசு கேக்கலே" என்றேன்.

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். இரண்டு முறை என்னைப் பார்த்தாள். "விடுங்க டீச்சர்" என்றாள். நான் விடவில்லை.

"அவுகளுக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள் மெல்ல. "நீங்க உங்க அத்தைகூட வந்ததைப் பாத்து, சுவரு அளக்கும்போதே நீங்கதான் பொண்ணுன்னு தெரியுமாம். அவுக அம்மாவுக்கும் உங்களைத்தான் பிடிச்சுது. இவுகதான் பிடிவாதமா மாத்திக் கேட்டாங்க. என் பேரு தெரியாததுனால, ரெண்டாம் பாடம் வாசிச்ச பொண்ணுன்னு எழுதிட்டாங்க."

"என்னை ஏன் வேண்டாம்னாராம்?" என்றேன்.

"அந்த டீச்சர் கெட்டிக்காரிதான், ஆனா வேதத்தையே சண்டைக்கு இழுக்குத மாதிரி வாசிக்காங்கன்னு சொன்னாங்களாம்." சிரிப்பு வந்து, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். என் காது சுட்டது. கோபப்படலாம் என்று பார்த்தால், அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

"இது உங்க அப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"இல்லே டீச்சர். இவுக எனக்கே கல்யாணத்துக்கு அப்புறந்தான் சொன்னாங்க. அதுக்குள்ள அப்பா, தென்காசி டீச்சர் தன் வாழ்வை எம் பிள்ளைக்குத் தந்துட்டாங்கன்னு ஊரெல்லாம் சொல்லிட்டாங்க. கடைசி வரைக்கும் குடும்ப ஜெபத்துல உங்களுக்குன்னு ஒரு ஜெபம் உண்டு. நான் அங்கன போயிருக்கும்போதெல்லாம் பக்கத்துலயே முழங்கால் போட்டு, ஆமென் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன்."